கற்களின் சாட்சி: கொங்கு நாட்டுப் பழங் கட்டடங்களும் ஒளிப்படக் கருவியும்

முன்னுரை

கட்டடங்களை நோக்கும் இருவகைப் பார்வைகளைத் திருமறை நமக்குக் காட்டுகிறது. எருசலேம் தேவாலயத்தை விட்டு வெளியே வருகையில் சீடருள் ஒருவர் அதன் பெருங்கற்களையும் கட்டட எழிலையும் ஆண்டவருக்குச் சுட்டிக் காட்டினார் (மாற்கு 13). அது வியப்பின் பார்வை. ஆண்டவர் அவ்வியப்பில் பங்குகொள்ளவில்லை என்பதை நாம் அறிவோம். மற்றொரு பார்வை யோசுவாவின் நூலில் உள்ளது. யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டினர் (யோசுவா 4). அழகுக்காக அவை நாட்டப்படவில்லை. பின்வரும் தலைமுறைப் பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்க வேண்டும், தந்தையர் விடை கூற வேண்டும் என்பதே நோக்கம். கேட்பாரும் சொல்வாரும் இல்லாது போயின் அவை வெறுங்கற்களே.

அண்மைக் காலத்தில் கோவையிலும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டிலும் பழங் கட்டடங்களைப் படம் பிடிக்கும் ஆர்வம் பெருகியுள்ளது. இடிந்த பஞ்சாலைகள், புகைபோக்கிகள், இருப்புப் பாதைப் பாலங்கள், அணைக்கட்டுகள், குளக்கரைகள், பழைய ஆலயங்கள் ஆகியவற்றை இளைஞர் பலர் தேடிச் சென்று படமெடுக்கின்றனர். கைத்தொலைபேசியே காமிராவாகிவிட்ட நாளில் இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. நம் சபை இளைஞரும் இறையியல் மாணவரும் இவர்களுள் உள்ளனர். இவ்வார்வம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் இப்படங்கள் மேற்கூறிய இரு பார்வைகளுள் எதனைச் சார்ந்தவை என்ற கேள்வியை நாம் எழுப்பியாக வேண்டும். கொங்கு நாட்டின் சில சான்றுகளைக் கொண்டு அக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கருவி வந்த வழி

ஒளிப்படக் கருவி தமிழகத்தின் பழங் கட்டடங்களை நோக்கித் திரும்பியது அரசின் ஆணையால் ஆகும். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்ற கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறை அலுவலர் 1857, 1858 ஆகிய ஆண்டுகளில் திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை முதலிய இடங்களில் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த இராயக்கோட்டையும் அதன் அண்டையிலிருந்த இடங்களும் அவர் வெளியிட்ட தொகுதிகளுள் ஒன்றாயின. கொங்கு நாட்டின் வட விளிம்பு இவ்வாறு காமிராவின் கண்ணில் பட்டது.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, இராயக்கோட்டை 1791இல் திப்பு சுல்தானின் படையிடமிருந்து கும்பினியார் கைப்பற்றிய கோட்டை. வடக்கே பெருங்கிளர்ச்சி மூண்டு அடங்கிய காலத்தில், வென்ற கோட்டையின் படத்தை வென்றவரின் அரசே எடுத்து வெளியிட்டது. எனவே அப்படம் கலைப்படைப்பாக மட்டும் அமையாது, உடைமைப் பட்டியலாகவும் அமைந்தது. இரண்டாவது, டிரைப் பெருங்காகிதங்களில் எதிர்ப்படம் எடுத்தவர். அம்முறையில் ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். அசைந்து செல்லும் மனிதர் படத்தில் பதிய மாட்டார். ஆகவே அவர் படங்களில் கோபுரமும் குளமும் மதிலும் தெளிவாக நிற்க, மக்கள் பெரும்பாலும் காணப்படுவதில்லை. கருவியின் குறை ஒன்று காலப்போக்கில் அழகின் இலக்கணமாகிவிட்டது. ஆளில்லாக் கட்டடமே அழகிய கட்டடம் என்ற எண்ணம் இன்றைய படங்களிலும் தொடர்கிறது.

அரசுக்கு அடுத்தபடியாக இக்கருவியைப் பெரிதும் பயன்படுத்தியோர் அருட்பணிச் சங்கத்தார் ஆவர். கோவை, சேலம், ஈரோடு வட்டாரங்களில் ஊழியம் செய்த இலண்டன் மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் இன்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனத்தில் காக்கப்பெறுகின்றன. நீலகிரியிலும் மேற்குக் கடற்கரையிலும் உழைத்த பாசல் மிஷனின் படங்கள் பல்லாயிரம் சுவிட்சர்லாந்தில் உள்ளன. தாய்நாட்டுச் சபைகளுக்குப் பணியின் வளர்ச்சியைக் காட்டுவதும், காணிக்கை திரட்ட உதவுவதும் இப்படங்களின் நோக்கங்களாயிருந்தன. ஆலயம், பள்ளி, மருத்துவமனை, மிஷன் பங்களா ஆகியவை எழுந்து நிற்பதைப் படம் காட்டியது. மிஷனெரியின் பெயர் குறிக்கப்பெற்ற படங்களில் உடன் நிற்கும் உபதேசியாரின் பெயரோ, கல் சுமந்த சபையாரின் பெயரோ பல வேளைகளில் இராது. அப்பெயர்களைத் தேடுவது நம் பொறுப்பாக எஞ்சியுள்ளது.

கருவி தமிழர் கைக்கு வந்தபோது நிலைமை சற்று மாறியது. கோவையைச் சேர்ந்த கிறித்தவரான சாமிக்கண்ணு வின்சென்ட் இருப்புப் பாதைத் துறையில் பணியாற்றியவர். அவர் 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து அசையும் படக் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம் அவற்றுள் ஒன்று. ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய அவர், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கைத் தொடங்கினார். தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றில் அவருக்குச் சிறப்பிடம் உண்டு. நம் மக்கள் காமிராவின் முன் நின்றவர் மட்டுமல்லர், படக்கருவியை இயக்கியோருமாவர் என்பதற்கு இவர் சான்று.

2. புகைபோக்கி கூறும் வரலாறு

கோவையின் தொழில் வரலாற்றைப் படத்தில் காண விழைவோர் முதலில் இருப்புப் பாதையினின்று தொடங்குதல் தகும். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை சென்ற பாதை 1862இல் நிறைவுற்றது. அது கோவை நகரைத் தொடாமல் போத்தனூர் வழியே சென்றது. போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்திற்குக் கிளைப் பாதை 1873இல் வந்தது. அங்கிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப் பாதை 1899இலும், உதகைக்குச் செல்லும் பகுதி 1908இலும் திறக்கப்பெற்றன. அம்மலைப் பாதையை 2005இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

பாதை வந்தபின் ஆலை வந்தது. கோவையின் முதல் பஞ்சாலையாகிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில் 1888இல் தோன்றியது. ஊர் மக்கள் அதனை ஸ்டேன்ஸ் மில் என்றே அழைத்தனர். அதனை நிறுவியவர் இராபர்ட் ஸ்டேன்ஸ். 1866இல் கோவை நகராட்சி அமைந்தபோது அதன் முதல் தலைவராக விளங்கியவரும், 1862இல் ஞாயிறு பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் பெரும் பள்ளியாக வளர்ந்த ஸ்டேன்ஸ் பள்ளியை ஏற்படுத்தியவரும் அவரே. ஆலையும் ஞாயிறு பள்ளியும் ஒரே மனிதரின் கையால் உண்டாயின என்பது நம் கவனத்திற்குரியது. 1910இல் குப்புசாமி நாயுடு இலட்சுமி மில்லைத் தொடங்கினார். பிறரும் தொடர்ந்தனர்.

இவ்வாலைகளின் உருவத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் படமே வரலாற்று ஆவணமாகும். உயர்ந்த செங்கல் புகைபோக்கி நீராவிக் காலத்தின் அடையாளம். கொதிகலனுக்கு எரிபொருள் வேண்டும், தீ நன்கு மூள இழுப்புக் காற்று வேண்டும், அதற்குப் புகைபோக்கி உயர வேண்டும். 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கி மின்னாற்றல் கோவைக்குக் கிடைத்தபின், நூற்புப் பொறிகளை ஓட்டக் கொதிகலன் தேவையற்றுப் போயிற்று. 1930களில் ஆலைகள் பெருகியதற்கு இம்மின்சாரம் ஒரு தலையாய காரணம். எனவே புகைபோக்கியுள்ள ஆலையையும் அஃதில்லாத ஆலையையும் அருகருகே படமெடுத்து வைப்பின், நிலக்கரி யுகம் போய் மின்சார யுகம் வந்த மாற்றம் கண்முன் தெரியும். அவ்வாறே ரம்பப் பற்களைப் போன்ற கூரை. அதன் கண்ணாடிப் பக்கம் வடக்கு நோக்கியிருக்கும். நேர் வெயில் படாமல் நாள் முழுதும் சீரான ஒளி பொறிகளின்மேல் விழ வேண்டும் என்பதற்காக அவ்வாறு கட்டினர்.

ஆனால் புகைபோக்கியின் கீழ் நின்றவர் யார்? மில் சங்கு ஊதும் ஓசைக்கு எழுந்து, பஞ்சுத் தூசியை உள்ளிழுத்து, சிப்டு முடிந்து லைன் வீட்டிற்குத் திரும்பியோர் பல்லாயிரவர். அவர்தம் வரலாறு மென்மையானதன்று. சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ரங்கவிலாஸ் மில் தொழிலாளர் நால்வர், கொலை வழக்கொன்றில் தண்டனை பெற்று, 1946 சனவரி 8ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். இராமையன், இரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்பன அவர்தம் பெயர்கள். தொழிலாளர் இயக்கத்தார் அவர்களைத் தியாகிகளாகப் போற்றி ஆண்டுதோறும் நினைவுகூருகின்றனர். அதே 1946ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் போராட்டத்தின்போது போலீசார் சுட்டதில் தொழிலாளர் பலர் மாண்டனர். நிறுவனர் மறைந்து அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன. எனினும் ஞாயிறு பள்ளியையும் ஆலையையும் ஒரே பெயரால் நினைவுகூரும் திருச்சபை, அவ்வாலையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட இக்குருதியையும் நினைவுகூர வேண்டாமா? பள்ளியின் முகப்பைப் படமெடுப்போர் ஆலையின் வாயிலையும் படமெடுத்தாலன்றி அவ்வரலாறு முழுமை பெறாது.

பின்னாளில் நலிவுற்ற ஆலைகள் பல 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய பஞ்சாலைக் கழகத்தின்கீழ் வந்தன. அக்கழகத்தின்கீழ் இயங்கிய ரங்கவிலாஸ், பங்கஜா, கம்போடியா, முருகன் ஆகிய கோவை ஆலைகளில் 2020 மார்ச்சு ஊரடங்கின்போது உற்பத்தி நின்றது. அதன்பின் அது முன்போல் மீளவில்லை. ஊதியத்திற்காகவும் வேலைக்காகவும் தொழிலாளர் நடத்திய போராட்டங்கள் செய்தித்தாள்களில் வந்தன. இடிபாட்டின் அழகைத் தேடி ஓர் ஆலையின் மதிலருகே காமிராவுடன் நிற்பவர், அதே மதிலின் வாயிலில் நிலுவைச் சம்பளத்திற்காக ஒருவர் நின்றிருந்தார் என்பதை அறிந்திருக்க வேண்டும். படமெடுப்பவர்க்குத் தொன்மைச் சின்னமாகத் தோன்றுவது அவருக்குப் பிழைப்பாயிருந்தது.

3. நீருக்கடியில் நிற்கும் கற்கள்

கொங்கு நாட்டின் நீர்க்கரைகள் ஆலைகளினும் மிகப் பழமையானவை. பவானியாற்றிலிருந்து பிரியும் காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். நொய்யலாற்றின் அணைகளும், அவற்றால் நிரம்பும் உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர் முதலிய குளங்களும் கோவையின் வேளாண்மையைப் பல நூற்றாண்டுகளாகத் தாங்கின. அவற்றின் மதகுகளும் கலிங்குகளும் இன்று படமெடுப்போரின் விருப்பத்திற்குரியவை.

இவ்வகையில் மிகப் பலரை ஈர்ப்பது மேட்டூரின் காட்சியாகும். 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பியபோது காவிரிக்கரைச் சிற்றூர்கள் பல நீரில் ஆழ்ந்தன. மக்கள் வேறிடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நீர்மட்டம் மிகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் கிறித்தவ ஆலயமொன்றின் இரட்டைக் கோபுரம் முதலில் வெளிப்படும். மேலும் நீர் வடியின் சலகண்டேசுவரர் கோயிலின் நந்தி தோன்றும். உடனே காமிராக்கள் விரையும், செய்தித்தாள்கள் படம் வெளியிடும். 1948 முதல் 1955 வரை கட்டப்பெற்ற பவானிசாகர் அணையிலும் இத்தகைய காட்சி உண்டு. அங்கே டணாயக்கன் கோட்டையும் அதனுள் இருந்த கோயிலும் வறட்சி ஆண்டுகளில் தலைகாட்டும்.

இப்படங்களின் கீழ் வழக்கமாகக் குறிக்கப்பெறுவது நீர்மட்டத்தின் அளவேயாகும். இத்தனை அடியாகக் குறைந்தது, கோபுரம் தெரிந்தது என்பதோடு செய்தி முடியும். அக்கோபுரத்தின் நிழலில் திருமுழுக்குப் பெற்றோர் எவர், அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று எவ்வூரில் வழிபடுகின்றனர், அக்கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றோரின் நிலை என்ன என்று வினவுவார் அரியர். ஆலயமும் நந்தியும் ஒரே நீரில் ஆழ்ந்தன என்பதும் சிந்தனைக்குரியது. டெல்டாவின் வயல்கள் செழிக்கவே அணை எழுந்தது. அந்நன்மைக்கு விலை கொடுத்தோர் இரு சமயத்தாருமாவர்.

யோசுவா நூலின் அந்த அதிகாரத்தில் நாம் எளிதில் கடந்துபோகும் வசனம் ஒன்று உண்டு. கில்காலில் நாட்டிய பன்னிரு கற்கள் ஒருபுறமிருக்க, யோர்தானின் நடுவிலும் யோசுவா பன்னிரு கற்களை நாட்டினார் என்று ஒன்பதாம் வசனம் கூறுகிறது. ஆறு மீண்டும் பெருகியபின் அவற்றை எவரும் காண இயலாது. காணப்படும் கற்களும் உண்டு, காணப்படாக் கற்களும் உண்டு. இரண்டும் ஒரே நிகழ்ச்சிக்குச் சாட்சி. உரையாசிரியர் பலர் இவ்விரட்டைக் குறிப்பை மூலநூல் சிக்கலாகக் கருதுவர். அவ்வாராய்ச்சி ஒருபுறமிருக்க, நீரில் மூழ்கிய ஊரின் சபையாருக்கு இவ்வசனம் தனிப் பொருள் தருகிறது. நீர் வடிந்து கோபுரம் தெரியும் நாள்வரை காத்திராமல், மூழ்கிய கற்களின் வரலாற்றையும் திருச்சபை சொல்லியாக வேண்டும்.

நீர்க்கரைச் சின்னங்கள் யாவும் பழமையானவை என்றும் கொள்ளலாகாது. நொய்யலின் குறுக்கே 1990களின் தொடக்கத்தில் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்கென எழுந்தது. ஆயின் திருப்பூர்ச் சாய ஆலைகளின் கழிவுநீர் அதில் தேங்கிச் சில ஆண்டுகளிலேயே அணை பயனற்றதாயிற்று. கீழ்மடை உழவர் நீதிமன்றம் சென்றனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவு வெளியேற்றிய சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. வண்ணம் கலந்த நீரின் படம் அழகாகவே தோன்றும். உழவனுக்கோ அது உவர் நிலமும் வறண்ட தென்னையுமாகும். ஏற்றுமதியால் பிழைத்த குடும்பங்களும் நஞ்சால் நலிந்த குடும்பங்களும் ஒரே திருமண்டலத்தின் சபைகளில் அமர்ந்துள்ளன. படம் எத்தரப்பைக் காட்டுகிறது என்பது படமெடுப்பவர் நின்ற கரையைப் பொறுத்தது.

4. நம் ஆலயங்களின் கூரையும் சுவரும்

இனி நம் ஆலயங்களைக் காண்போம். 1830இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் கோவையில் ஊழியம் தொடங்கினார். ஈரோட்டில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்திரேலியரான பிரப் நெடுங்காலம் உழைத்தார். அவர் பெயர் தாங்கிய நினைவாலயம் அந்நகரில் இன்றும் நிற்கிறது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950இல் கோவைத் திருமண்டலம் அமைந்தபோது அதன் முதல் பேராயராக ஏ. ஜே. அப்பாசாமி பொறுப்பேற்றார்.

இத்திருமண்டல எல்லைக்குள் பழமையால் புகழ்பெற்ற ஆலயம் உதகையின் தூய ஸ்தேவான் ஆலயம். 1829இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அதன் பெரும் உத்தரங்கள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அம்மரங்களின் கம்பீரத்தைப் படமெடுப்போர் பலர். 1799ஆம் ஆண்டுப் போரில் வீழ்ந்த ஓர் அரசனின் வீட்டுக் கூரை நம் ஆராதனையின் கூரையானது எவ்வாறு என்ற கேள்வியை அப்படம் எழுப்பினால், அது வெறும் வியப்பைக் கடந்து செல்லும்.

புகழ்பெறாக் கூரைகளும் பேசும். நம் பகுதியின் பழைய பள்ளிகளிலும் ஆலயங்களிலும் மங்களூர் ஓடு வேய்ந்த கூரைகளைக் காணலாம். இவ்வகை ஓட்டைப் பெருவழக்காக்கியது பாசல் மிஷன். 1865இல் மங்களூரில் அதன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. திருமுழுக்குப் பெற்றதனால் சாதித் தொழிலையும் வீட்டையும் இழந்தோருக்குப் பிழைப்பு வேண்டும் என்பது அம்மிஷன் தொழில்கள் தொடங்கியதற்கு ஒரு காரணம். பின்னர் கள்ளிக்கோட்டை, பாலக்காடு முதலிய இடங்களிலும் ஓட்டுச் சாலைகள் எழுந்தன. முதல் உலகப் போரையொட்டி அத்தொழிற்சாலைகள் மிஷனின் கையை விட்டுக் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் நிறுவனத்திடம் சென்றன. எனவே ஓட்டின் அடியில் பதிந்துள்ள பெயரைக் கண்டால், அது போருக்கு முற்பட்டதா பிற்பட்டதா என அறியலாம். சாதி இழந்தோர் சுட்ட ஓடு நம் தலைக்குமேல் இருந்திருக்கக்கூடும். கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போடும் நாளில் அவ்வோடுகள் லாரியில் ஏற்றப்படுகின்றன. ஓர் ஓட்டையேனும் புரட்டிப் படமெடுத்து வைத்தால் அச்சாட்சி அழியாது.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. கொங்கு நாட்டுச் சிற்றூர்ச் சபைகள் பல நிலமற்ற, ஒடுக்கப்பட்ட மக்களால் உருவானவை. அவர்தம் முதல் ஆலயம் சேரியின் ஓரத்தில் மண்சுவரும் ஓலைக் கூரையுமாயிருந்தது. பகலில் பள்ளியாகவும் ஞாயிறன்று ஆலயமாகவும் அது விளங்கியது. கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் அதற்கில்லை. அழகைத் தேடும் காமிரா அதன்முன் நில்லாமல் கடந்துபோகும். அதன் விளைவு யாது? நூறாண்டு கழித்து வருவோர் நம் படத்தொகுதிகளைப் பார்த்து, கொங்கு நாட்டில் கிறித்தவம் ஐரோப்பியர் கட்டிய கோபுரங்களில் வாழ்ந்தது என்று முடிவு செய்வர். அது பொய்ச் சாட்சியாகும். படம் பொய் கூறாது என்பர். எதைப் படமெடுக்காமல் விட்டோம் என்பதாலும் பொய் பிறக்கும்.

5. முறையும் அதன் எல்லையும்

தொழிற்சாலைச் சின்னங்களைப் படமெடுத்தலை ஓர் ஒழுங்கான முறையாக வளர்த்தோருள் செருமானியரான பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியினர் சிறந்தவர். 1959 முதல் அவர்கள் நீர்த்தொட்டிக் கோபுரங்கள், உருக்கு உலைகள், சுரங்கத் தூக்கு கோபுரங்கள் ஆகியவற்றை ஒரே கோணத்தில், மேகம் மூடிய வானொளியில், நிழலின்றிப் படமெடுத்தனர். ஒரே வகைக் கட்டடங்களின் படங்களை வரிசையாக அடுக்கியபோது ஒற்றுமையும் வேற்றுமையும் விளங்கின. செருமனியின் எசன் நகரில் 1986இல் மூடப்பட்ட சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பயனற்ற ஆலையும் காக்கத்தக்கதே என்ற கருத்து மேனாட்டில் வேரூன்ற இத்தகைய படங்கள் துணைசெய்தன.

இம்முறையின் ஒழுங்கை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆயின் டிரைப்பின் படங்களைப் போன்றே பெக்கர் தம்பதியரின் படங்களிலும் பெரும்பாலும் ஆள் இல்லை. அவர்களுக்கு அது தெரிந்து கொண்ட கொள்கை. நமக்கோ அது போதாது. இதற்கு எடுத்துக்காட்டு கோவைச் சிறையிலேயே உள்ளது. 1908இல் தண்டனை பெற்று அங்கு அடைக்கப்பெற்ற வ. உ. சிதம்பரனார் இழுத்த செக்கு இன்றும் காக்கப்பெறுகிறது. கல் செக்குகள் கொங்கு நாட்டில் பலவுண்டு. இச்செக்கு மட்டும் காண்போரைத் தலைவணங்கச் செய்வது ஏன்? இழுத்தவரின் பெயர் அதனோடு சேர்த்துச் சொல்லப்படுவதாலேயே. பெயர் சேர்ந்தபோது கல் சாட்சியாயிற்று. பஞ்சாலையில் முப்பதாண்டு நூல் சுற்றிய பெண்ணின் பெயரையும் அவர் நின்ற பொறியோடு சேர்த்தால், அப்பொறியும் சாட்சி கூறும்.

6. திருச்சபையின் கடமை

இப்பெயர்களைச் சேர்க்கும் வாய்ப்பு மற்றெவரினும் சபைப் போதகருக்கு மிகுதி. கட்டட ஆர்வலரிடம் காமிரா உண்டு. சபையிடமோ பதிவேடுகள் உண்டு. திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளில் பெயரும் ஊரும் மட்டுமன்றித் தொழிலும் குறிக்கும் வழக்கம் பல சபைகளில் இருந்துவந்துள்ளது. மில் தொழிலாளி, கூலி, இரயில்வே ஊழியர், கொத்தனார் என எழுதிய அவ்வரிகளை ஆலையின் படத்தோடு சேர்த்து வைத்தால், ஆளில்லாப் படத்திற்கு ஆள் கிடைப்பர். ஓய்வுபெற்ற தொழிலாளர் நம் ஆலய இருக்கைகளில் அமர்ந்துள்ளனர். அவர்தம் நினைவு இன்னும் சில ஆண்டுகளே நமக்குக் கிட்டும்.

எனவே சில நடைமுறைகளை இறையியல் மாணவருக்கும் போதகருக்கும் முன்வைக்கிறோம்.

முதலாவது, பழைய ஆலயத்தையோ பள்ளியையோ இடிக்குமுன் அதனை முழுமையாகப் படமெடுக்கச் சபைக் குழு தீர்மானம் செய்தல் வேண்டும். நாற்புறமும், உட்புறமும், கூரையின் அமைப்பும், அடிக்கல், மணி, திருவிருந்துப் பாத்திரங்கள் ஆகியவற்றின் எழுத்துகளும், கல்லறைக் கற்களும் இடம்பெற வேண்டும். அளவு விளங்க ஓர் அடிக்கோலை அருகே வைத்து எடுத்தல் நன்று.

இரண்டாவது, ஒவ்வொரு படத்திற்கும் நாள், இடம், நோக்கிய திசை, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். நாளும் இடமும் அற்ற படம் வரலாற்றாசிரியருக்குப் பெரும்பயன் தராது.

மூன்றாவது, அங்கு உழைத்தோரை, அவர்தம் இசைவோடு, பொறியின் அருகிலோ லைன் வீட்டின் வாயிலிலோ படமெடுத்து, அவர் சொல்லும் செய்தியை அவர் சொல்லிலேயே எழுதிவைக்க வேண்டும்.

நான்காவது, அணை, சிறை, இருப்புப் பாதை, மின்நிலையம், பூட்டிய ஆலை ஆகிய இடங்களில் உரிய அனுமதியின்றிப் படமெடுத்தல் தகாது. ஆபத்தும் உண்டு.

ஐந்தாவது, கைத்தொலைபேசியில் உள்ள படம் கருவியோடு மறைந்துபோகும். அச்சிட்ட படியொன்றைச் சபையிலும் மற்றொன்றைத் திருமண்டல அலுவலகத்திலோ இறையியல் கல்லூரி நூலகத்திலோ வைத்தல் வேண்டும். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி போன்ற நிறுவனங்களின் ஆவணக் காப்பகங்கள் இதற்கு வழிகாட்டும்.

முடிவுரை

பழங் கட்டடங்கள் யாவற்றையும் காத்தல் இயலாது. காக்க வேண்டும் என்பதும் நம் வாதமன்று. சபை பெருகும்போது சிற்றாலயம் பேராலயமாதல் இயல்பே. இடிந்த ஆலையின் இடத்தில் வேறு பிழைப்பு வருமாயின் அதனைத் தடுப்பதும் நீதியன்று. ஒரு கல்லின்மேல் மற்றொரு கல் நில்லாத நாளை ஆண்டவரே முன்னுரைத்தார். கற்களில் நம்பிக்கை வைப்பது நம் சமயமன்று.

ஆயினும் எருசலேமின் இடிந்த மதிலை நெகேமியா இரவில் சுற்றிப் பார்த்தார் (நெகேமியா 2). அழகிய இடிபாடு என்று அவர் பார்க்கவில்லை. இங்கு வாழ்ந்தோர் யார், இனி வாழப்போவோர் யார் என்ற கவலையோடு பார்த்தார். எந்த வாயிலை யார் பழுதுபார்த்தனர் என்பதை, பொற்கொல்லர், தைலக்காரர், வணிகர் எனத் தொழிலோடும் பெயரோடும் மூன்றாம் அதிகாரம் பட்டியலிடுகிறது. நாம் வாசிக்காது தாண்டிச் செல்லும் அப்பட்டியலே நம் படத்தொகுதிகளுக்கு உரிய மாதிரி. கொங்கு நாட்டின் புகைபோக்கியையும் மதகையும் ஓட்டுக்கூரையையும் படமெடுக்கும் நம் இளைஞர் அத்தகைய பட்டியலையும் உடன் எழுதுவராயின், நாளைய பிள்ளைகள் அக்கற்களின் பொருளைக் கேட்கும்போது சொல்வதற்கு நம்மிடம் விடை இருக்கும்.